பள்ளிக்கூடத்துக்குத் திட்டம் போடும் முன் ஊரைக் கேளுங்கள்

அரசுப் பள்ளிகளில் மேம்பாட்டுத் திட்டம் எப்படித் தயாராகிறது என்பது பெற்றோராக இருந்தவர்கள் பலருக்கும் தெரியும். தலைமையாசிரியரும் ஒன்றிரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து படிவத்தை நிரப்புவார்கள். சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, கணினி என்று போன வருடம் எழுதியதே இந்த வருடமும் வரும். அப்புறம் ஒரு கூட்டம் போட்டு, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார்கள். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கேட்க நேரம் இருப்பதில்லை, எப்படிக் கேட்பது என்றும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அப்படி எழுதிய திட்டத்தில் எதைக் கட்டினாலும் அதை ஊர் தன்னுடையதாக நினைப்பதில்லை. குழாய் உடைந்தால் உடைந்தபடியே கிடக்கும்.

என் பிள்ளைகள் படித்த பள்ளியின் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். பிறகு வேறு பள்ளிகள் கூப்பிட்டபோது அவர்களுடைய திட்டக் கூட்டங்களை நடத்திக் கொடுக்க ஆரம்பித்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது. திட்டத்தை எழுதும் முன்பே மக்களிடம் போக வேண்டும். அவர்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று திரும்பிப் போய்ச் சொல்லவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்த பள்ளிகளில்தான் அடுத்த வருடமும் ஆட்கள் வருகிறார்கள்.

எது உங்கள் கையில் இருக்கிறது?

யாரையும் கூப்பிடும் முன், பள்ளியே முடிவெடுக்கக்கூடியவை எவை, கல்வித்துறையிடம் கேட்டு வாங்க வேண்டியவை எவை, உள்ளாட்சியின் பொறுப்பில் இருப்பவை எவை என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, அதை எதற்கெல்லாம் செலவழிக்க விதி அனுமதிக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். இது தெரியாமல் கூட்டம் போட்டால், ஆசிரியர் நியமனம் பற்றி ஒரு மணி நேரம் சூடாகப் பேசிவிட்டு, அது நம் கையில் இல்லை என்று கடைசியில் சொல்ல வேண்டியிருக்கும். அன்று எழுந்து போகிறவர்கள் திரும்ப வரமாட்டார்கள்.

பள்ளிக்கென்று சட்டப்படி ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கும். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமே கொடுத்திருக்கிறது. அந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மலேசியாவில் பெற்றோர் ஆசிரியர் சங்கம். நியூசிலாந்தில் 1989 முதல் பெற்றோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியமே பள்ளியை நிர்வகிக்கிறது. சிகாகோ நகரத்துக்கென்று 1988-இல் வந்த சட்டம் பள்ளி மன்றங்களை உண்டாக்கியது. பெற்றோர் ஆறு பேர், ஊர்க்காரர் இருவர், ஆசிரியர் இருவர், தலைமையாசிரியர் என்று அப்போது அதில் இடங்கள் இருந்தன. பெற்றோர்தான் பெரும்பான்மையாக இருந்தார்கள். உங்கள் ஊரில் எந்த அமைப்பு இருக்கிறதோ, அதன் வழியாகவே போங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். போட்டியாகப் புதுக் குழு ஒன்றை ஆரம்பித்தால், யார் பெரியவர் என்ற பேச்சிலேயே பாதி வருடம் போய்விடும்.

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்தியாவில் மத்திய அரசின் 2010 மாதிரி விதிகள், நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே திட்டம் தயாராக வேண்டும் என்கின்றன. அப்படியானால் மக்களைக் கேட்கும் வேலை அதற்கும் மூன்று நான்கு மாதம் முன்னால் தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் கூட்டம் போடுகிறவர்களுக்குக் கையெழுத்து வாங்க மட்டும்தான் நேரம் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்மானியுங்கள். மக்களிடம் தகவல் மட்டும் சொல்லப் போகிறீர்களா, கருத்துக் கேட்கப் போகிறீர்களா, முடிவையே அவர்களிடம் விடப் போகிறீர்களா? ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாகக் காட்டினார். அடிப்படிகளில் மக்கள் தலையாட்டுவதற்காக மட்டும் அழைக்கப்படுகிறார்கள். நடுப்படிகளில் அவர்களிடம் கேட்கப்படுகிறது, கேட்டதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேல்படிகளில் அதிகாரமே அவர்களுக்கும் பங்கு வைக்கப்படுகிறது. எல்லாவற்றிலும் மேல்படிக்குப் போக முடியாது. எந்த விஷயத்தில் எந்தப் படி என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "நூலகம் எந்த அறையில், எந்த நேரம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். புதுக் கட்டடத்துக்கு நாம் மனுதான் கொடுக்க முடியும்." இப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிறகு தெரிய வந்தால்தான் கோபம்.

வேலையை இழுத்துச் செல்ல ஒரு சிறு குழு

எட்டுப் பத்துப் பேர் போதும். ஊரில் எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்கிற அதே ஆட்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியைத் துப்புரவு செய்பவர் கட்டாயம் வேண்டும். எந்தக் குழாய் எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்தக் கழிப்பறையில் அடைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. வாசல் காவலர், பிள்ளைகளை ஏற்றி வரும் வண்டி ஓட்டுநர், ஊனமுள்ள பிள்ளையின் தாய் அல்லது தகப்பன், மேல் வகுப்பு மாணவர் இருவர், பழைய மாணவர் ஒருவர் என்று யோசியுங்கள். ஊரில் எந்தத் தெருவும் எந்தச் சமூகமும் விடுபட்டுவிடக் கூடாது. யார் பெயர் எடுத்தவுடன் "அவர்கள் எல்லாம் எதற்கு" என்று ஒரு குரல் வருகிறதோ, அவர்களைத்தான் முதலில் சேர்க்க வேண்டும்.

தலைமையாசிரியர் இல்லாமல் எதுவும் நடக்காது. சிலர் தயங்குவார்கள். குறை சொல்ல ஆள் கூட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. தனியாகப் போய் உட்கார்ந்து, "சார், நீங்கள் மேலே அனுப்பிய எந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் கடிதத்தின் நகல்கள் வெளியே வரும். அந்தக் கடிதங்களுக்குப் பின்னால் நூறு பெற்றோரின் கையெழுத்து இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது பேசலாம். ஆசிரியர்களுக்கும் பெரிய கூட்டத்துக்கு முன் தனியாக ஒரு சந்திப்பு வையுங்கள். அவர்களுடைய பட்டியலும் மக்களுடைய பட்டியலுக்குப் பக்கத்தில் சமமாக வைக்கப்படும் என்று உறுதி கொடுங்கள்.

நடந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பள்ளியை ஒரு சுற்று நடந்து வாருங்கள். பிள்ளைகள் முன்னால் போகட்டும், பெரியவர்கள் பின்னால் வரட்டும். ஐந்து ஆறு பிள்ளைகள், ஓர் ஆசிரியர், இரண்டு மூன்று பெற்றோர். வாசலில் தொடங்கி, ஒரு நாளில் பிள்ளைகள் போகும் வரிசையிலேயே போங்கள். "இங்கே உனக்குப் பிடித்தது என்ன? எந்த இடத்துக்கு நீ போகமாட்டாய்?" இந்த இரண்டு கேள்வி போதும். பெரியவர்கள் விளக்கம் சொல்லக் கூடாது, எழுதிக்கொள்ள மட்டும் வேண்டும்.

ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். திட்டப் படிவத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு வரி இருந்தது: கழிப்பறைக் கட்டடம் புதுப்பித்தல். பெரிய தொகை, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் கதவைச் சாத்திக் காட்டினாள். தாழ்ப்பாள் இல்லை, இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். "நான் உள்ளே போனா இவ வெளியே நின்னு கதவைப் பிடிச்சுக்குவா, இவ போனா நான் பிடிச்சுக்குவேன்" என்று பக்கத்தில் நின்ற தோழியைக் காட்டினாள். அதனால் எப்போதும் இரண்டு பேராகத்தான் வகுப்பிலிருந்து எழுந்து போக வேண்டும். தோழி லீவு போட்ட நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு பேராக எழுந்து போவதற்கு அந்த வகுப்பில் திட்டு வேறு வாங்கியிருக்கிறார்கள். கட்டடத்துக்கான மனு அதன் வழியில் போகட்டும் என்று விட்டுவிட்டு, தாழ்ப்பாள்களை அந்த வாரமே போட்டோம். உட்கார்ந்து படிவம் நிரப்பியிருந்தால் இந்தத் தாழ்ப்பாள் எந்தத் திட்டத்திலும் வந்திருக்காது.

நேரம் மாற்றி மாற்றி நடங்கள். காலையில் வாசலில் வண்டிகள் நெரிசலாக நிற்கும் நேரம், இடைவேளை, மாலையில் விடும் நேரம், முடிந்தால் மழை பெய்யும் ஒரு நாள். வெயில் நாளில் பார்த்தால் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான். பள்ளிக்கு வரும் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் ஓடிச் சாலையைக் கடக்கிறார்கள், எந்த மூலையில் பயந்து சுற்றிப் போகிறார்கள் என்பது பள்ளி மேம்பாட்டுக்குள் வராது என்று சொல்வார்கள். வரும். வராமல் போகும் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணிக்கையும் வேண்டும். பதிவேட்டில் பத்துக் கழிப்பறை என்றிருந்தால், திறந்திருப்பவை எத்தனை, தண்ணீர் வருபவை எத்தனை, தாழ்ப்பாள் உள்ளவை எத்தனை, மாணவிகளுக்குக் குப்பைத்தொட்டி வைத்தவை எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர் கழிக்கும் இடமும் வேண்டும். உங்கள் எண்ணிக்கையை இதன் பக்கத்தில் எழுதினாலே பாதி மனு தயார். அதேபோல் கடந்த ஐந்து வருடச் சேர்க்கை, வருகை, நடுவில் நின்றவர்கள், காலி ஆசிரியர் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கூட்டத்தில் ஊகத்துக்கு இடம் குறையும்.

கேட்கும் விதம்

"பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கட்டடம், கணினி, வண்டி என்று ஊரெல்லாம் சொல்லும் பதில்தான் கிடைக்கும். அன்றாடத்தைக் கேளுங்கள். எந்த நாளில் பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது? வீட்டுப்பாடத்தில் எந்த இடத்தில் உங்களால் உதவ முடியாமல் போகிறது? கடைசியாக ஆசிரியரிடம் பேசியது எப்போது, எதற்காக? இந்தப் பள்ளியில் எதை மாற்றவே கூடாது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நல்லது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் ஆசிரியர்களின் முகம் மலரும். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரியும்.

கூட்டத்துக்கு வருகிறவர்களை மட்டும் கேட்டால், வர முடிந்தவர்களின் திட்டம்தான் கிடைக்கும். இரவு வேலை பார்ப்பவர்கள், தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள், பள்ளி என்றாலே கூச்சப்படும் படிக்காத பெற்றோர், வேறு மொழி பேசும் குடும்பங்கள் எல்லோரும் வேலை செய்யும் இடத்துக்கோ வீட்டுக்கோ நாம்தான் போக வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பதினைந்து நிமிடம் நின்றால் பத்துப் பேரிடம் பேசிவிடலாம். அவர்கள் பேச்சை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்; "உள்கட்டமைப்புக் குறைபாடு" என்று மாற்றி எழுதினால் யார் சொன்னது, எதைச் சொன்னது என்று அவர்களுக்கே அடையாளம் தெரியாது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். கஷ்டமான பேச்சுதான். ஆனால் பள்ளியைப் பற்றி அவர்கள் சொல்வதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு நல்லது. குரல் பதிவாக அனுப்பச் சொன்னால் எழுதத் தெரியாதவர்களும் பேசுவார்கள், அதுவும் நல்லது. விவாதத்துக்கு மட்டும் வேண்டாம். நான்கு பேர் சண்டை போடுவார்கள், மற்றவர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

பெரிய கூட்டம்

மேடை வேண்டாம், வரவேற்புரை வேண்டாம், சால்வை வேண்டாம். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்களாக உட்கார வையுங்கள். ஒவ்வொன்றிலும் எழுத ஒருவர், எல்லோரும் பேசினார்களா என்று பார்க்க ஒருவர். சிறு பிள்ளைகளை ஓர் அறையில் யாராவது பார்த்துக்கொண்டால் தாய்மார்கள் நிம்மதியாக உட்காருவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்த இடங்களில் பெண்கள் வருகை கண்கூடாகக் கூடும். இரண்டு மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சொல்கிறார்களோ, அதுதான் கூட்ட நேரம்.

முதலில் அந்த ஒரு பக்கக் கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் நடந்து பார்த்ததைப் பிள்ளைகளே சொல்லட்டும். பெரியவர்களின் நீண்ட பேச்சு அதோடு குறைந்துவிடும். பிறகு குழுக்களில் பேச்சு, எழுத்து. எழுதிய தாளை அந்தந்தக் குழுவுக்கே வாசித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேளுங்கள்.

ஒருவரே பேசிக்கொண்டிருப்பார். "நீங்கள் சொன்னது எழுதியாகிவிட்டது, இதோ பாருங்கள்" என்று தாளைக் காட்டினால் பெரும்பாலும் நின்றுவிடுவார்; தான் சொன்னது பதிவாகவில்லையோ என்ற கவலையில்தான் பலர் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் குற்றச்சாட்டு வந்தால் அங்கே விவாதிக்க விடாதீர்கள். ஆனால் அமுக்கியும் விடாதீர்கள். யாரிடம், எந்த நாளில் அந்தப் புகார் பேசப்படும் என்று அவரிடம் சொல்லி, அப்படியே செய்யுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட புகார் என்றால் அன்றைக்கே உரிய இடத்தில் தெரிவித்தாக வேண்டும். திட்டக் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது. சிறியவர்களிடம் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பிடித்த இடத்தில் பச்சை ஒட்டுத்தாள், பயப்படும் இடத்தில் சிவப்பு ஒட்டுத்தாள் வைக்கச் சொல்லுங்கள். ஒரே மூலையில் சிவப்பாகக் குவிந்தால் அங்கே போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் வேலை. கூட்டத்தில் பாட்டுப் பாட மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடுவது எனக்கு ஒப்புக்கொள்ளவே முடியாத விஷயம்.

படிப்பைப் பற்றிப் பேச வையுங்கள்

மக்கள் கட்டடத்தைப் பற்றியே பேசுவார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. வகுப்பறைக்குள் நடப்பது தெரிவதில்லை. படிப்பு ஆசிரியர் வேலை, நாம் என்ன சொல்வது என்ற தயக்கமும் உண்டு. இதற்கு நான் கண்ட நல்ல வழி, கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் பெற்றோரைச் சில பேராக அழைத்து ஒரு பாடவேளை வகுப்பின் பின்வரிசையில் உட்கார வைப்பது. ஆசிரியரின் சம்மதத்தோடுதான். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பது, பின்வரிசைக்குப் பலகை தெரியாதது, சத்தமாக வாசிக்கச் சொன்னால் தன் பிள்ளை திணறுவது எல்லாம் அப்போது தெரியும். அதன்பிறகு கூட்டத்தில் வரும் பேச்சே வேறு. மாலையில் ஒரு மணி நேரம் வாசிப்பு நடத்த ஆள் கிடைக்குமா, நூலக அறையைப் பூட்டியே வைக்காமல் திறக்க யார் பொறுப்பேற்பார் என்று பேச ஆரம்பிப்பார்கள்.

எதை முதலில் செய்வது?

வந்த எல்லாவற்றையும் மூன்றாகப் பிரியுங்கள். பணம் இல்லாமலோ மிகக் குறைந்த செலவிலோ இந்த மாதமே செய்யக்கூடியவை. பள்ளிக் கணக்கிலிருந்து செய்யக்கூடியவை. மனு கொடுத்து வாங்க வேண்டியவை. முதல் பிரிவிலிருந்து இரண்டை உடனே செய்துவிடுங்கள். சொன்னால் நடக்கும் என்று ஊர் நம்புவதற்கு அதைவிட வேறு வழி இல்லை.

மற்றவற்றில் எது முதலில் என்பதற்கு ஓட்டு வைக்கலாம். ஆளுக்கு மூன்று ஒட்டுத்தாள், பிடித்த வரியில் ஒட்டட்டும். ஆனால் ஓட்டுக்கு விடக் கூடாதவை உண்டு. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை பள்ளியில் ஒன்றுதான் என்றால், அந்தப் பிள்ளைக்கான சாய்தளம் எந்த ஓட்டிலும் ஜெயிக்காது. பாதுகாப்பும் உரிமையும் சம்பந்தப்பட்டவை ஓட்டு இல்லாமலே பட்டியலின் தலையில் இருக்க வேண்டும்; அதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சாய்தளம் என்று எழுதினால் மட்டும் போதாது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. வாசல்படி 15 செ.மீ. உயரம் என்றால் 180 செ.மீ. நீளம் வேண்டும். இரண்டடிக்குச் செங்குத்தாகச் சிமெண்ட் பூசிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அளவைத் திட்டத்திலேயே எழுதிவிட்டால் கேட்க நமக்குப் பிடி இருக்கும்.

எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் பிரச்சினை, செய்யப்போவது, பொறுப்பானவர், தேதி, செலவு, முடிந்தது என்பதை எப்படிச் சரிபார்ப்பது ஆகிய எல்லாம் இருக்கட்டும். "குடிநீர் வசதி மேம்படுத்தல்" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பு இல்லை. "ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டவில்லை, ஜூலை முடிவதற்குள் இரண்டு குழாய்களைத் தாழ்வாக மாற்ற வேண்டும், பொறுப்பு பெற்றோர் உறுப்பினர் ஒருவரும் விளையாட்டு ஆசிரியரும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே தண்ணீர் பிடித்துக் காட்ட வேண்டும்" என்று எழுதினால் அது வேலை. உறுப்பினரின் பெயரும் அங்கேயே இருக்க வேண்டும்.

திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்

கூட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள், கேட்டது என்ன, திட்டத்தில் சேர்ந்தது எது, சேராதது எது, ஏன் சேரவில்லை என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டவர்களிடம் அதேபோல் போய்ச் சொல்லுங்கள். சேராததற்கான காரணம்தான் இதில் முக்கியம். தான் சொன்னது இடம் பெறவில்லை என்றாலும், யோசித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே வராமல் போனால்தான் விட்டுப் போகிறார்கள்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் நகர வரவுசெலவை மக்களோடு சேர்ந்து போடத் தொடங்கியபோது, ஆண்டின் முதல் சுற்றுக் கூட்டங்களில் போன வருடம் முடிவு செய்த வேலைகள் எந்த அளவுக்கு நடந்தன என்று நிர்வாகம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. புதிதாகக் கேட்பது அதற்குப் பிறகுதான். பள்ளிக்கும் இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தது, நடக்கிறது, நின்றுவிட்டது என்று வரி வரியாகக் குறித்து, வரவு செலவையும் சேர்த்து அதே இடத்தில் ஒட்டுங்கள். நன்கொடை வாங்கினால் யார் கொடுத்தது, எதற்குச் செலவானது என்பது கண்டிப்பாக இருக்க வேண்டும். பணத்தில் சிறு சந்தேகம் விழுந்தாலும் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

மனுக்களை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். கொடுத்த தேதி, பெற்றுக்கொண்ட அலுவலகம், ஒப்புகை எண், அடுத்து நினைவூட்ட வேண்டிய தேதி எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். துறை அதிகாரியைப் பார்க்கப் போகும்போது தலைமையாசிரியர், ஒரு பெற்றோர், உள்ளாட்சி உறுப்பினர் மூவரும் சேர்ந்து போங்கள். கையில் எண்ணிக்கைத் தாளும் இரண்டு மூன்று படங்களும் போதும்.

பெற்றோர் உறுப்பினர்கள் நிலையாக இருப்பதில்லை. பிள்ளை பள்ளியை முடித்ததும் போய்விடுவார்கள், தலைமையாசிரியருக்கும் மாறுதல் வரும். அதனால் ஆரம்பத்திலிருந்தே ஒரு ஃபைல் வையுங்கள். எண்ணிக்கைத் தாள், நடந்து பார்த்த குறிப்பு, கூட்டத்தில் எழுதிய அசல் தாள்கள், ஒட்டிய அறிவிப்புகளின் நகல், மனு நோட்டு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைப் பள்ளியிலேயே வையுங்கள்; நகல் ஒன்று குழுவில் ஒருவரிடம் இருக்கட்டும். புதிய உறுப்பினர்கள் வந்த முதல் வாரத்திலேயே பழையவர் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து, எந்த மனு யாருடைய மேசையில் நிற்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை அந்த அலுவலகத்துக்குப் போகும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்தே போகட்டும்.